லீஸ்கா மலைக் கோபுரத்தைக் கூட்டியவள்

மிலாடாவுக்குப் பன்றிகளிடம் அருவருப்பு கிடையாது. எங்கள் கமெனா ஊர்க் கூட்டுப்பண்ணையில் இருபத்தோரு வருடம் பன்றிக் கொட்டகையில் வேலை பார்த்தவள். முழங்கை வரை கையை விட்டுக் குட்டியை வெளியே இழுத்துப் போடுவாள். பிறகு அதே கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு ரொட்டியைப் பிய்த்துத் தின்பாள்.

"பன்னிக்கு அசிங்கம்னா என்னன்னு தெரியாது. அது மேல எனக்கு என்ன கோவம்? தெரிஞ்சே பண்றான் பாரு மனுஷன், அவனப் பாத்தாத்தான் கொமட்டுது" என்பாள்.

அவளை அப்படிக் குமட்ட வைத்தவர்களில் முதல் ஆள் அவள் புருஷன் லுபோமிர். பேருந்து ஓட்டுநர். பள்ளியில் என் பெஞ்சுக்காரன். மிலாடா எங்களுக்கு ஒரு வகுப்பு கீழே. கல்யாணமாகி அவர்கள் குடியேறியதும் என் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில்தான், அதனால் அந்த வீட்டு விஷயம் எனக்குத் தெரியாமல் போனதில்லை. லுபோமிர் சாப்பாட்டு மேசையில் காலைத் தூக்கி வைத்துக் கால் நகம் வெட்டுவான். வெட்டியதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவான். சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைக் கம்பளத்தில் துப்புவான். பாத்திரம் ஊறிக்கொண்டிருக்கும் தொட்டியிலேயே மூக்கைச் சிந்துவான். சொன்னால் சிரிப்பான். அவள் முகம் கோணுவதைப் பார்ப்பதற்காகவே இரண்டாம் தடவையும் செய்வான்.

பதினேழு வருடம் அவன் பின்னாலேயே துடைப்பத்தோடு அலைந்தாள். குழந்தை இல்லை. ஒரு குளிர்காலத்தில், நகரத்துப் பேருந்து நிலையச் சிற்றுண்டிக் கடையில் கல்லாவில் இருந்த இவேத்தாவோடு அவனுக்குத் தொடர்பு என்று ஊருக்கே தெரிந்துபோனது. மிலாடா அழவில்லை, கத்தவில்லை. அவன் துணிமணிகளை உரச்சாக்குகளில் திணித்து வாசலில் வைத்தாள். இரண்டு நாள் வீட்டைக் கூட்டினாள். கட்டிலுக்கு அடியில், கம்பளத்துக்கு அடியில், நாற்காலி இடுக்கில் கிடைத்த நகத்துண்டுகளையெல்லாம் ஒரு ஜாம் பாட்டிலில் போட்டு மூடி, சாக்கின் மேல் வைத்தாள்.

லுபோமிர் அந்தப் பாட்டிலைப் பீர்க்கடைக்குக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தான்.

"பாருங்கடா, எம் பொண்டாட்டி குடுத்த சீர்வரிசை" என்றான்.

மேசையே குலுங்கக் குலுங்கச் சிரித்தது. நானும்தான்.

அடுத்த இரண்டு வருடத்தில் கூட்டுப்பண்ணை கலைந்தது. பன்றிக் கொட்டகையை மூடினார்கள். அப்போது மலைநடைச் சங்கம் லீஸ்கா உச்சியில் இருக்கும் கோபுரத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது. அந்தக் கோபுரம் எங்கள் தாத்தாமார் முதல் உலகப் போருக்கு முன்னால், சுற்றுவட்டாரத்தைப் பார்ப்பதற்கென்றே கருங்கல்லில் கட்டியது. நூற்றுப் பதினெட்டுப் படி. மேலே இரும்புக் கம்பி போட்ட வட்டத் தளம். கீழே ஒட்டினாற்போல ஒரு மரக்குடில். அங்கே உருளைக்கிழங்கு சூப், ரம் கலந்த தேநீர், வினிகரில் வெங்காயத்தோடு ஊறிய கொழுத்த சாசேஜ். அந்தச் சாசேஜுக்கு எங்கள் பேச்சில் 'மூழ்கிச் செத்தவன்' என்று பெயர். ஏறி வருகிறவர்கள் கேட்டால் அவர்களுடைய நோட்டுப் புத்தகத்தில் கோபுர முத்திரையைக் குத்திக் கொடுக்க வேண்டும். ஏப்ரலில் திறந்து அக்டோபர் கடைசியில் மூடுவது.

மிலாடா ஏற்றுக்கொண்டாள். தினமும் காலை ஏழு மணிக்குக் காட்டுப் பாதையில் ஏறுவாள். முதல் வேலை, மேல்தளத்திலிருந்து கீழ்வாசல் வரை கூட்டுவது. காட்டு மரங்களில் சிவப்பு வெள்ளைப் பட்டையாக வழிக்குறி அடிப்பது என் வேலை. சங்கத்தில் அதை முப்பது வருடமாக நான்தான் செய்கிறேன். அதனால் மாதத்துக்கு நாலைந்து தடவை அங்கே போவேன். போனால் அன்றைய குப்பைப் பட்டியலை ஒப்பிப்பாள்.

"இன்னிக்கி என்ன தெரியுமா? ரெண்டாவது திருப்பத்துல ஒருத்தன் ஒண்ணுக்குப் போயிருக்கான். கீழ கக்கூசு இருக்கு, அது மேல கொட்ட எழுத்துல எழுதியிருக்கு. ஏறுறப்ப அடக்க முடியலியாம். எறங்குறப்ப என்ன, பறந்தா எறங்குறான்?"

"மழத்தண்ணியா இருக்கும், மிலாடா."

"எனக்கு மழயோட வாசன தெரியாதா?"

ஈரத்துடைப்புத் தாள், மென்று ஒட்டிய கோந்து, பாதி தின்ற முட்டை, கைப்பிடியில் தடவிய சளி, ஒரு தடவை பல்செட்டின் கீழ்ப்பாதி. காதல் ஜோடிகள் விட்டுப்போனதை இரண்டு குச்சியால் எடுத்துத் தூக்கிப் பிடித்தபடி நூற்றுப் பதினெட்டுப் படியும் இறங்கி வருவாள், வழியில் எதிர்ப்படுகிறவர்களுக்குக் காட்டிக்கொண்டே. ஆனால் பத்து மணிக்குக் கதவைத் திறக்கும்போது அந்தக் கோபுரத்தைப் போலச் சுத்தமான கட்டடம் இந்த மாவட்டத்திலேயே இருக்காது. கைப்பிடிக் கம்பியில் முகம் பார்க்கலாம்.

அவள் கோபுரத்துக்கு வந்த பதினெட்டாவது வருடம் மே மாதத்தில், மழை பெய்த மறுநாள், நான் ஒரு மரத்தில் பட்டை அடித்துக்கொண்டிருந்தேன். மேலிருந்து கூப்பிட்டாள்.

"விலெம்! மேல வா. வந்து இது என்னன்னு சொல்லு."

மேல்தளத்துக்கு முந்தைய திருப்பத்தில், மூலையில் சாம்பல் நிறத்தில் கூழ் மாதிரி ஏதோ படிந்திருந்தது. அவள் அதை விரலால் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"காரை உதிருதோன்னு பாத்தேன். செவுத்துல ஒரு விரிசலும் காணோம். மாவா இருக்கு, நடுவுல நறநறன்னு கல்லும் இருக்கு. இதுவும் கூட கெடந்துச்சு."

இன்னொரு கையை விரித்தாள். வட்டமான, சுட்ட மண் வில்லை. பிஸ்கட் அளவு. அதில் ஒரு எண் பொறித்திருந்தது.

எனக்கு அது தெரியும். என் அப்பாவின் அஸ்திக் கலசம் வந்தபோது அதற்குள்ளும் ஒன்று இருந்தது. எரிக்கும்போது ஆள் மாறிவிடாமல் இருக்க உடலோடு போட்டு அனுப்புவார்கள்.

"மிலாடா, மொதல்ல கையக் கழுவு" என்றேன்.

"ஏன்?"

"அது மனுஷன்."

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். பிறகு மேலங்கியைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் கிடந்த சின்ன ஸ்டூலைப் பார்த்தாள். காலை உணவை அங்கே உட்கார்ந்துதான் சாப்பிடுவாள்.

"போன வருஷமும் கெடந்துச்சு விலெம். சுண்ணாம்புன்னு நெனச்சு வாயால ஊதித் தள்ளிட்டு, அதே எடத்துல உக்காந்து ரொட்டி தின்னேன்."

கீழே இறங்கிப்போய்க் குடிலின் கதவைச் சாத்திக்கொண்டாள். அரைமணி நேரம் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. முத்திரை குத்திக்கொள்ள வந்த இரண்டு பேர் காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் எரிக்கத்தான் சொல்கிறார்கள். கலசத்தை வாங்கி வந்து அலமாரியில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முழிப்பவர்கள் எத்தனையோ பேர். 'அவருக்கு மலை பிடிக்கும்' என்று யாருக்காவது தோன்றினால் போதும்.

சங்கத் தலைவர் ஹினெக்கிடம் மிலாடா புகார் சொன்னாள். மர அறுவை ஆலை நடத்திய மனிதர். எதற்கும் தோளில் தட்டிப் பேசுவார்.

"காத்தடிச்சா போயிடும் மிலாடா. செத்தவங்க என்ன உன்னக் கடிக்கவா போறாங்க?" என்றார்.

அந்த வில்லையை ஒரு தீப்பெட்டியில் வைத்து, 'உங்கள் ஆள் ஒருவர் எங்கள் படிக்கட்டில் கிடக்கிறார்' என்று கடிதம் எழுதி, நகரத்துத் தகன நிலையத்துக்கு அனுப்பினாள் மிலாடா. பதில் வரவில்லை.

அடுத்த வருடம் ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். குடிலுக்கு முன்னால் பெஞ்சுகள் நிரம்பி, எல்லோரும் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். பிர்னோ பெருநகரத்திலிருந்து ஒரு குடும்பம் கறுப்புச் சட்டையும் மலையேறும் பூட்சுமாக வந்து மேலே ஏறியது. கொஞ்ச நேரத்தில் மேலே யாரோ ஊதுகுழல் வாசித்தார்கள். பிறகு வெயிலே மங்கியதுபோலச் சாம்பல் இறங்கியது. பீர் நுரையில், ரொட்டியில், ஒரு பெண்ணின் ஈரமான உதட்டுச் சாயத்தில்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. மிலாடாவுக்குப் புரிந்தது. கரண்டியைக் கையில் பிடித்தபடியே படியேறினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். மேலே ஒரு பெரிய உருவம், கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றது. மீசையெல்லாம் சாம்பல்.

"எங்கப்பாவுக்கு இந்த மலைன்னா உசுருங்க" என்றார் அவர்.

"உங்கப்பா இப்ப கீழ பன்னெண்டு பேரு சூப்புல இருக்காரு."

"ஐயையோ..."

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு கூடவா பாக்க மாட்டீங்க? அப்பாவத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி விரல நனச்சுப் பிடிச்சிப் பாத்தா என்ன?"

"எல்லாருக்கும் நாங்க வேற சூப் வாங்கித் தர்றோமுங்க."

"எந்தச் சட்டிலேர்ந்து?" என்றாள் மிலாடா.

அன்று முழுச் சட்டியையும் காட்டுக்குள் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். மறுநாள் ஒரு பலகையில் 'இறந்தவர்களை இங்கே கொட்டாதீர்கள்' என்று எழுதிக் கதவில் அடித்தாள். வந்தவர்கள் நின்று படித்துவிட்டு, படியில் எதை மிதிக்கிறோம் என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே ஏறினார்கள். பத்தே நாளில் ஹினெக் வந்து பலகையைப் பிடுங்கினார். பயணிகள் பயப்படுகிறார்களாம்.

லுபோமிர் அதற்கடுத்த ஜனவரியில் செத்தான். நுரையீரல். மிலாடா சாவுக்குப் போகவில்லை. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. கடையில் யாரோ அவளிடம் துக்கம் சொல்லப்போக, "சொல்ல வேண்டியவ நகரத்துல இருக்கா" என்று வெங்காயத்தைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே சொன்னாளாம்.

அந்தச் செப்டம்பர் கடைசியில் ஒரு திங்கட்கிழமை நான் குடிலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். மூடுபனி. காற்று வேறு. அன்று ஒரு பயணி கூட வரவில்லை. பாதையில் ஒரு பெண் வந்தாள். காலில் தட்டையான நகரத்துச் செருப்பு, முழுக்கச் சேறு. கையில் கடைக்குப் போகும் துணிப்பை, அதில் ஏதோ கனமான பொருள். இருபத்திரண்டு வருடத்தில் ஆள் பெருத்திருந்தாள். ஆனாலும் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இவேத்தா.

மிலாடா கைகளைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"பைக்குள்ள என்ன?"

"லுபோமிர்."

மிலாடா பையையே பார்த்தாள். இவேத்தா மடித்த காகிதம் ஒன்றை நீட்டினாள்.

"தலைவர் எழுதிக் குடுத்திருக்காரு. மேலேர்ந்து தூவிக்கலாம்னு. முத்திரையெல்லாம் இருக்கு, பாருங்க."

"முத்திரை எங்கிட்டயும் இருக்கு" என்றாள் மிலாடா. கோபுரக் கதவைப் பூட்டிச் சாவியை மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "பதினேழு வருஷம் அவன் போட்டதக் கூட்டினேன். இப்ப அவனையே நான் கூட்டணுமா? கொண்டு போங்க."

இவேத்தா போகவில்லை. ஈரப் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். தூறல் ஆரம்பித்தது. அவள் பல் தந்தியடிக்கும் சத்தம் குடிலுக்குள் கேட்டது. மிலாடா ஒரு வெங்காயத்தை நறுக்கினாள், இன்னொன்றை நறுக்கினாள். கடைசியில் கத்தியைப் போட்டுவிட்டு, "இந்தச் சத்தத்த எவ கேட்டுக்கிட்டு இருக்குறது" என்று எழுந்துபோய், ரம் ஊற்றிய தேநீரை அவள் முன்னால் வைத்தாள்.

"குடிச்சிட்டுப் போங்க. பைய மேச மேல வெக்காதீங்க."

இவேத்தா இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக் குடித்தாள்.

"எட்டு மாசமா வீட்ல இருக்குங்க. சின்ன வீடு. வெக்க எடமில்லன்னு துணி தொவைக்கிற மிஷின் மேல வெச்சேன். மிஷின் சுத்துறப்பல்லாம் டப்பா தானா நடந்து நடந்து ஓரத்துக்கு வருது. ஒரு நா விழுந்துட்டா? நான் வெறுங்கையால அள்ளணுமா? நெனச்சாலே சோறு எறங்க மாட்டேங்குது."

மிலாடா முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"அங்கயும் மேச மேலதான் நகம் வெட்டுவானா?"

"படுக்கையில."

மிலாடா கண்ணை மூடிக்கொண்டாள்.

"உசுரோட இருந்தப்ப ஒரு தடவ கூட இந்தப் படியில கால் வெச்சதில்ல அவன். மலை ஏறுறவங்களக் கண்டாலே கழுதைங்கன்னு கேலி பண்ணுவான். இப்ப மட்டும் எதுக்கு இங்க வரணும்கிறான்?"

இவேத்தா கோப்பைக்குள்ளேயே பார்த்தாள்.

"சொன்னா நீங்க கோச்சுப்பீங்க."

"கோவமெல்லாம் எப்பவோ தீந்துபோச்சு. சொல்லுங்க."

"போன வருஷம் கடைசியா உங்க ஊர் பீர்க்கடைக்கு வந்தாரு. வீட்டுக்குத் திரும்பி வந்து எங்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. 'என்னைய லீஸ்கா கோபுரத்துலேர்ந்து கொட்டச் சொல்லிட்டேன். மிலாடா காலங்காத்தால தொடப்பத்தோட வருவா. ஒரு படி விடாம என்னக் கூட்டுவா. செத்தப்புறமும் அவதான் என் குப்பைய அள்ளணும்'னு. தலைவரும் மத்தவங்களும் வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சாங்களாம். கண்டிப்பா ஏற்பாடு பண்றேன்னு தலைவர் கையடிச்சுக் குடுத்தாராம். எனக்கு அது பிடிக்கலதான். ஆனா எனக்கு டப்பா போனாப் போதும்."

குடில் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நான் என் தேநீரைக் கீழே வைத்தேன். அந்த மேசையில் நானும் இருந்தேன். அதுவரை அதை மிலாடாவிடம் சொல்லவில்லை. சொல்லப்போனால் எனக்கே அது மறந்துபோயிருந்தது. ஹினெக், கடைக்காரர் பெட்ரிஹ், நான், கன்னம் ஒட்டிப்போன லுபோமிர். அவன் சொன்ன விதம் அப்படி. இருமிக்கொண்டே, துடைப்பத்தால் கூட்டுவதுபோலக் கையை ஆட்டி, மிலாடா மூக்கைச் சுளிப்பதுபோலச் சுளித்துக் காட்டினான்.

மிலாடா என் பக்கம் திரும்பினாள்.

"நீ அங்க இருந்தியா?"

"இருந்தேன்."

"சிரிச்சியா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாலு பேர் சிரிக்கும்போது ஒருவன் சிரித்தானா இல்லையா என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்?

"சிரிச்சேன்."

அவள் முகம் கோணும் என்று எதிர்பார்த்தேன். கோணவில்லை. இருபது வருடமாகத் தினசரிக் குப்பையை எனக்கு ஒப்பித்தவள், என்னை அந்தக் குப்பையில் ஒன்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். மேலங்கிப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே போய்த் துடைப்பம், குப்பை அள்ளும் தகரம், வாளி, துணி நாலையும் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போய்க் கொட்டுங்க. அப்புறம் நீங்களே கூட்டுங்க" என்றாள்.

சின்ன வயதிலிருந்து நீ, வா, போ என்றுதான் பேசிக்கொண்டோம். அவள் என்னை 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை.

இவேத்தா பையை என்னிடம் தந்தாள். மேலே வரவில்லை. நான் ஏறினேன். டப்பா கிட்டத்தட்ட மூன்று கிலோ இருக்கும். மேல்தளத்தில் விரலை நனைத்துப் பிடித்துக் காற்றைப் பார்த்தேன். மேற்கிலிருந்து அடித்தது. கிழக்குப் பக்கம் போய், மூடியைத் திறந்து கம்பிக்கு வெளியே கவிழ்த்தேன். கோபுரத்தைச் சுற்றி வரும் காற்று மறுபக்கத்தில் சுழன்று மேலே எழும்பும் என்பது எனக்குத் தெரியாது. கொட்டியதில் பாதி அப்படியே எழும்பி என் முகத்தில் அடித்தது. கண், மூக்கு, தாடி. 'ஆ' என்று வாயைத் திறந்தது தப்பு. நாக்கில் ஒட்டியது. பல்லுக்கிடையில் நறநறத்தது. துப்பத் துப்பப் போகவில்லை. எட்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து என் ரொட்டியைத் திருடித் தின்றவன், இப்போது என் வாய்க்குள் இருந்தான். அங்கேயே, தளத்தின் கதவோரமாகக் குனிந்து வாந்தியெடுத்தேன். அதுவும் நான் கூட்ட வேண்டிய கணக்கில் சேர்ந்தது.

ஈரக்காற்றில் சாம்பல் பசை மாதிரி ஒட்டிக்கொண்டது. துடைப்பம் இழுத்தால் கோடுதான் விழுந்தது. துணியை நனைத்து, மண்டியிட்டு, ஒவ்வொரு படியாகத் துடைத்தேன். தண்ணீர் மாற்ற எத்தனை தடவை இறங்கினேன் என்று நினைவில்லை. குப்பைத் தகரத்தில் சேர்ந்தது வெறும் லுபோமிர் இல்லை. செத்த ஈ, புறா எச்சம், சிகரெட் துண்டு, யாருடையதோ நீளமான முடி எல்லாம் கலந்த ஒரு சாம்பல் உருண்டை. கீழ்வாசலுக்கு வரும்போது மணி மூன்றரை. இவேத்தா எப்போதோ போய்விட்டிருந்தாள். "டப்பா எனக்கு வேணாம்னு சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

மிலாடா ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

"மூணாவது திருப்பத்துல மூல விட்டுப்போச்சு."

மறுபடி ஏறித் துடைத்தேன். இறங்கி வந்ததும், அள்ளியதை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, எங்கே போடுவது என்று கேட்டேன்.

"என் குப்பைத் தொட்டியில போடாதீங்க" என்றாள். அவ்வளவுதான்.

ஊருக்கு இறங்கி நேராகப் பீர்க்கடைக்குப் போனேன். சாயங்காலக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. பையை மேசை நடுவில் வைத்தேன்.

"என்னய்யா இது?" என்றார் ஹினெக்.

"லுபோமிர்."

ஹினெக் பையைப் பார்த்தார். என் தாடியைப் பார்த்தார். முழங்காலில் இருந்த சாம்பல் வட்டங்களைப் பார்த்தார். அவர் கன்னம் துடிக்க ஆரம்பித்தது.

"கடசீல உன்னையா கூட்ட வெச்சா?" என்று சொல்லி வெடித்துச் சிரித்தார். பெட்ரிஹ் கல்லாவுக்குப் பின்னாலிருந்து சிரித்தார். பக்கத்து மேசைக்குச் செய்தி போய் அங்கேயும் சிரித்தார்கள். பீர் தெறித்த மீசைகளும், காய்ந்த உப்பு ஒட்டிய உதடுகளும், பல் சந்தில் மாட்டிய சாசேஜ் துணுக்குகளும் எனக்கு முன்னால் திறந்து திறந்து மூடின. அந்தச் சிரிப்பில் ஐம்பது வருடமாக என் வாயும் ஒன்று. எனக்கு மறுபடி குமட்டியது. பையை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். பை சில வாரம் பீப்பாய்களுக்குப் பின்னால் கிடந்ததாம். எலி கடிக்க ஆரம்பித்ததும் பெட்ரிஹின் மனைவி கொல்லைப்புற வேலியோரமாகக் குழி தோண்டிப் புதைத்தாளாம்.

மிலாடா அக்டோபர் கடைசி வரை ஒரு நாள் தவறாமல் மலையேறினாள். முப்பத்தோராம் தேதி கடைசித் தடவையாகக் கூட்டி, பூட்டி, சாவியை ஹினெக் வீட்டுத் தபால் பெட்டியில் போட்டுவிட்டாள். சீட்டு எதுவும் இல்லை. மார்ச் மாதம் ஹினெக் ஒரு பாட்டிலோடு அவள் வீட்டு வாசலில் போய் நின்றார். அவள் ஜன்னலைத் திறந்தாள்.

"மிலாடா, ஒரு தமாசுக்குச் சொன்னது. இதப் போய் மனசுல வெச்சுக்கிட்டு..."

"தலைவரே, செருப்பத் தொடைச்சீங்களா?" என்றாள் அவள்.

ஹினெக் குனிந்து செருப்பைத் தேய்த்தார். அவள் ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

வேறு யாரும் அந்த வேலைக்கு வரவில்லை. இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு ஒரு மாதத்தில் ஓடிப்போனார்கள். இப்போது கதவு எப்போதும் திறந்தே கிடக்கிறது, குடில் பூட்டிக் கிடக்கிறது. சங்கம் வருடத்துக்கு இரண்டு தடவை ஆள் கூட்டிச் சுத்தம் செய்கிறது. நானும் தனியாகப் போய்க் கூட்டிப் பார்த்தேன். இரண்டு சனிக்கிழமை போனேன். மூன்றாவது வாரம் ஒரு திருப்பத்தில் கிடந்ததைப் பார்த்து, துடைப்பத்தை அங்கேயே சாத்தி வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். அவள் இருபது வருடம் எப்படிச் செய்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. வழிக்குறி மட்டும் அடிக்கிறேன், உச்சிக்கு நூறு அடி கீழே வரைக்கும்.

மிலாடா நகரத்தில் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ரத்தமும் சீழும் மலமும் ஒட்டிய விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும் இடம். அங்கே அவள் முகம் சுளித்து யாரும் பார்த்ததில்லை என்று அங்கே வேலை பார்க்கும் என் தங்கை மகள் சொன்னாள். "அந்தம்மா பாட்டுப் பாடிக்கிட்டே வேல செய்யுது மாமா. நல்ல கொரலு" என்றாள். மிலாடா பாடி நான் கேட்டதே இல்லை.

காலை ஆறேகால் பேருந்துக்கு எங்கள் ஊர் நிறுத்தத்தில் சில நாள் நாங்கள் இரண்டு பேர்தான் நிற்போம். நான் இருந்தால் அவள் கூரைக்கு அடியில் வரமாட்டாள், மழையானாலும் பனியானாலும் வெளியேதான் நிற்பாள். போன நவம்பரில் பெரிய மழை. அவள் தலையில் கட்டிய துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. எனக்குப் பொறுக்கவில்லை. நான் வெளியே வந்து, சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.

"இப்ப உள்ள போய் நில்லு மிலாடா. நனையாத" என்று கத்தினேன்.

அவள் கூரைப் பக்கம் திரும்பினாள். நான் உட்கார்ந்திருந்த பெஞ்சைக் கைக்குட்டையால் துடைத்தாள். கைக்குட்டையைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். பிறகு பழையபடி மழையில் வந்து நின்றுகொண்டாள்.